இப்போது வரும் பாட்டு நினைவில் தங்குமா?

கொள்ளிடத்தான்:
யார் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, இப்போது வரும் பாட்டு எதுவும் மனசில் தங்குவதில்லை. 'கண்ணே கலைமானே' கண்ணதாசன் கடைசியாக எழுதிய சினிமாப் பாட்டு என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சின்ன வயதில் அது அப்பாவின் பாட்டு, அவ்வளவுதான். லாரி ஓட்டிவிட்டு பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார், வந்த ராத்திரி திண்ணையில் டேப்ரிக்கார்டரை வைத்து அந்த ஒரு பாட்டையே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் போடுவார், தங்கச்சி அவர் மடியிலேயே தூங்கிப் போய்விடும். கடையில் பதிந்து வாங்கிய 90 நிமிட கேசட் அது. பக்கத்துக்கு 45 நிமிடத்தில் எதெல்லாம் அடங்கும் என்று ஒரு வாரம் பட்டியலை எழுதி எழுதி அடித்தோம். அப்பா போய் 11 வருடம் ஆகிறது, இன்றைக்கும் டீக்கடையில் அந்தப் பாட்டு கேட்டால் எனக்கு டீசல் வாசனை வரும். இப்போதைய பாட்டுக்கு இந்தச் சக்தி உண்டா?

கீபோர்டுக்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி பாட்டு, பாதி அப்பா. நான் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன். கூட்டத்திலிருந்து சீட்டு வரும். 50 வயதுக்காரர் இளையராஜா கேட்பார், 30 வயதுக்காரர் யுவன் கேட்பார், அவரவர் பள்ளி, கல்லூரி நாளில் கேட்டதைத்தான் கேட்பார்கள், யாரும் இதற்கு விலக்கு இல்லை. உங்கள் காலத்திலும் மூன்று வாரத்தில் காணாமல் போன பாட்டுகள் ஏராளம். அவை மறந்துவிட்டதால் நல்லது மட்டும் இருந்ததாகத் தோன்றுகிறது.

கொள்ளிடத்தான்:
மறந்தது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ஒரு கேசட்டை நாடா தேயும்வரை கேட்டோம் தம்பி. இலங்கை வானொலியில் பிடித்த பாட்டு வருமா என்று காத்துக் கிடந்தோம். இன்று பிடிக்கவில்லை என்றால் பத்து நொடியில் விரலால் தள்ளிவிடுகிறார்கள். தங்க நேரமே கொடுக்காமல் பாட்டு எப்படித் தங்கும்?

கோத்தகிரிப் பொண்ணு:
அண்ணா, இதை நான் ஏற்க மாட்டேன். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது நான் கல்லூரி மூடி வீட்டில் இருந்தேன். எங்கள் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்து மறுபடியும் கொழுந்து பறித்தவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், நாங்களும் கேட்டதில்லை. பாடகர் அறிவு அந்தப் பாட்டைத் தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியது என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் "இன்னொரு தரம் போடு" என்றார். அப்புறம் விடிய விடியப் பேசினார், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், விட்டுவந்த ஆட்டுக்குட்டி வரைக்கும். நீங்கள் சொல்லும் எந்தப் பழைய பாட்டும் எங்கள் வீட்டில் அதைச் செய்யவில்லை.

கீபோர்டுக்காரன்:
இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்ல வரவில்லை.

கொள்ளிடத்தான்:
பாட்டை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி, பாட்டியிடம் ஏற்கெனவே இருந்த நினைவைத்தானே அது எடுத்துக் கொடுத்தது? என் அப்பா பாட்டு அப்படி இல்லை, நினைவே அந்தப் பாட்டோடுதான் உண்டானது. புதுப் பாட்டு அதைச் செய்யட்டும், நான் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பொண்ணு:
எனக்குச் செய்தது அண்ணா. அன்றைக்கு மழை, கரண்ட் இல்லை, போன் வெளிச்சம் மட்டும்தான். பாட்டு ஓடும்போது பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல். இப்போது அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் மணிக்கட்டில் அந்த விரல்தான்.