கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய கல்யாணப் படம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சட்டம் போட்ட கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிக்க முடியவில்லை.

இடம், தஞ்சாவூர் கீழவாசல் பக்கம். ஆறு மாதமாக எங்கள் தெருவின் கதைகளைச் சேகரிக்கிறோம். 1855 வரை மராட்டியர் ஆண்ட ஊர் அல்லவா, தமிழ், சௌராஷ்டிரம், மராத்தி, உருது என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும். பழைய படத்தைக் கையில் கொடுத்துத்தான் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறோம்.

இது எண்பது தாண்டிய ஒரு சௌராஷ்டிரப் பாட்டியின் படம், 1962-ல் எடுத்தது. கல்யாணப் புடவையை அவர் அப்பாவே தறியில் நெய்தாராம். அதன் கரைக்கு மட்டும் ஸ்டுடியோவில் கையால் சிவப்பு தீட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தை விரலால் தடவித் தடவித்தான் பாட்டி பேசினார்.

போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறியது. முகமும் புடவைக் கரையும் ஒட்டியிருக்கின்றன, ஓரங்கள் விட்டிருக்கின்றன. ஒட்டிய இடம் ஈரம்போலப் பளபளக்கிறது.

கண்ணாடியோடு ஸ்கேன் செய்தோம், வானவில் வளையங்கள் விழுந்தன. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் இரண்டு வாரம் மூடிவைத்தோம், மாற்றமில்லை. ஓரத்தில் மெல்லிய நூலை விட்டுப் பார்த்தோம். மேல்படலம் உரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்கிறார் ஒரு ஸ்டுடியோக்காரர். கருப்பு வெள்ளை தாங்கும், சரி. அந்தச் சிவப்புதான் பயம்.

கையால் வண்ணம் தீட்டிய படத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தவர்கள் இருக்கிறீர்களா, வண்ணம் நின்றதா?