சோயா மெழுகுவர்த்தி நடுவுல குழி விழுது, என்ன பண்றது?

கேள்வி:
வணக்கம்ங்க, நான் கிருஷ்ணகிரி. வீட்டுலயே சோயா மெழுகுவர்த்தி போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, கண்ணாடி டம்ளர்ல தான் ஊத்துறேன், ஆனா ஏத்துனா திரிய சுத்தி மட்டும் உருகி கிணறு மாதிரி உள்ள போகுது, ஓரத்துல மெழுகு அப்படியே நிக்குது. வாசனையும் பத்தலன்னு வாசனை எண்ணெய அதிகமா ஊத்துனேன், மேல வேர்த்த மாதிரி முத்து முத்தா நிக்குது. விலை என்ன வைக்கறதுன்னும் புரியல.

பதில் 1:
திரி சன்னமா இருக்கும் தங்கச்சி. அதே டம்ளர்ல மூணு சைஸ் திரி போட்டு எரிச்சு பாருங்க. முத தடவ ஏத்தும்போது ஓரம் வரைக்கும் உருகாம அணைக்கவே கூடாது. எண்ணெய் 100 கிராம் மெழுகுக்கு 6லருந்து 8 கிராம் போதும், அதுக்கு மேல போனா வேர்வை தான். ஊத்துனதும் வித்துறாதீங்க, பத்து நாளாவது மூடி வைங்க, அப்பதான் வாசனை பிடிக்கும்.

பதில் 2:
நான் தர்மபுரி. சித்திரை வெயில்ல பார்சல் மட்டும் போடாதீங்க, இந்த மெழுகு 50 டிகிரி கிட்டயே இளகிடும், நான் பெங்களூருக்கு அனுப்புனது கூழா போய் சேந்துச்சு. விலைல டம்ளர், டப்பா, ஸ்டிக்கரோட உங்க கூலியையும் சேருங்க, நான் ஒரு வருஷம் ஓசில தான் உழைச்சேன். உத்யம் பதிவு, அதாவது சின்ன தொழிலுக்கான அரசு பதிவு, ஆன்லைன்ல இலவசம், யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க.

கேட்டவர்:
அய்யோ அக்கா, நான் ஏத்தி பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்துட்டு ஊதி அணைச்சிருவேன், அதான் போல!