ஈர்ப்பு விசையை மட்டும் ஏன் மற்ற விசைகளோடு சேர்க்க முடியவில்லை?

மாலைவகுப்பு:

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் நான்கு அடிப்படை விசைகள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துப்போய், மேசையில் கிடந்த குண்டூசியைத் தூக்கிக் காட்டினேன். கீழே மொத்த பூமியும் இழுக்கிறது, மேலே உள்ளங்கை அளவு காந்தம் இழுக்கிறது, ஜெயிப்பது காந்தம்தான் என்றேன். அப்புறம் மின்காந்த விசையும், வீக் ஃபோர்ஸ் என்கிற மென்விசையும் ஒரே விசையின் இரண்டு முகங்கள் என்று கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவரும் காட்டியதையும், 1979 நோபல் பரிசையும் சொன்னேன்.

ஒரு பையன் எழுந்து, "மூணை ஒண்ணாக்கியாச்சு, ஈர்ப்பை மட்டும் ஏன் மிஸ் சேர்க்க முடியல? ரொம்ப பலவீனமா இருக்கறதாலயா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததில் இருந்து உறுத்துகிறது. பலவீனம்தான் காரணமா? தப்பாகச் சொல்லியிருந்தால் நாளைக்கே திருத்த வேண்டும்.

கரிக்கோல்:

பலவீனம் காரணம் இல்லை மிஸ். மென்விசைகூட ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது. 1930களில் ஃபெர்மி அதற்கு ஒரு கொள்கை எழுதினார். குறைந்த ஆற்றலில் அருமையாக விடை தந்தது, ஆனால் ஆற்றலைச் சில நூறு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது) உயர்த்தினால் ஒரு நிகழ்வின் வாய்ப்பு நூறு சதவீதத்தைத் தாண்டிப்போகும், அதாவது கொள்கையே உடைந்துவிடும். காரணம், ஃபெர்மியின் மாறிலி வெறும் எண் இல்லை, அதற்கு ஆற்றலின் வர்க்கத்தால் வகுக்கிற அலகு உண்டு. அதனால் ஆற்றல் கூடக்கூட விசையும் தாறுமாறாகக் கூடும். டபிள்யூ, இசட் என்ற கனமான துகள்கள் இடையில் நின்று வேலை செய்கின்றன என்று புரிந்தபோதுதான் கணக்கு நேரானது. 1983இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் அவற்றைக் கண்டும் பிடித்தார்கள், நிறை ஒன்றுக்குச் சுமார் 80, மற்றொன்றுக்கு 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்.

இப்போது நியூட்டனின் ஜி மாறிலியைப் பாருங்கள். குவாண்டம் கணக்கில் அதற்கும் அதே அலகுதான், அதே நோய்தான். உடையும் இடம் மட்டும் எங்கோ இருக்கிறது, சுமார் 10¹⁹ ஜிகா எலக்ட்ரான் வோல்ட். செர்னின் பெரிய மோதுவி எட்டியிருப்பது 13,600, அதாவது 10⁴ சொச்சம்.

குவாண்டம் கணக்கில் விடை எல்லையில்லாமல் போவதைத்தான் முடிவிலி என்கிறோம், மின்காந்தத்திலும் அது வரும். ஆனால் எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம் ஆகியவற்றை ஆய்வகத்தில் அளந்து உள்ளே போட்டுவிட்டால் எல்லா முடிவிலியும் அதில் அடங்கிவிடும். ஈர்ப்பில் கணக்கை ஒவ்வொரு படி முன்னேற்றும்போதும் புது முடிவிலி முளைக்கும், அதற்குப் புதிதாக ஒன்றை அளக்க வேண்டும், இது நிற்கவே நிற்காது. 1974இல் டஹூஃப்ட், வெல்ட்மன் இருவரும் முதல் படியைப் பார்த்தார்கள். வெறும் ஈர்ப்பு மட்டும் என்றால் தப்பிக்கிறது, பொருளைச் சேர்த்தால் மாட்டிக்கொள்கிறது. 1985இல் கோரோஃப், சாக்னோட்டி இரண்டாம் படியைக் கணக்கிட்டார்கள். வெறும் ஈர்ப்பிலேயே முடிவிலி வந்தது, அதன் முன்னால் 209/2880 என்ற பின்னம். அது பூஜ்யமாக வந்துவிடாதா என்று எத்தனையோ பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்.

சரி, மென்விசைக்குச் செய்ததைப் போல ஒரு கனமான துகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன? துகள்களைப் புள்ளியாக இல்லாமல் அதிரும் இழையாகப் பார்க்கும் இழைக் கொள்கை (ஸ்ட்ரிங் தியரி) ஒரு விதத்தில் அதைத்தான் செய்கிறது, ஒன்றுக்குப் பதில் முடிவில்லாத வரிசையாகத் துகள்கள். ஆனால் ஈர்ப்பில் இன்னொரு வம்பு உண்டு. சின்ன இடத்தை ஆராய வேண்டுமானால் அங்கே ஆற்றலைக் குவிக்க வேண்டும், அளவுக்கு மேல் குவித்தால் கருந்துளை ஆகிவிடும், பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. மற்ற எந்த விசையும் இப்படி வாசலைச் சாத்துவதில்லை.

முற்றத்துப்புள்ளி:

கரிக்கோல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் முடிவிலியை முதல் காரணமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நம் கணக்குப் போடும் முறையின் சிக்கல். அதைவிட ஆழமானது நேரம்.

வகுப்பில் சொல்ல இது உதவும்: மற்ற மூன்று விசைகளும் தரையில் போட்ட கோலம், ஈர்ப்பு என்பது அந்தத் தரையே வளைவது. குவாண்டம் இயற்பியலில் கடிகாரம் வெளியே தனியாக ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதைப் பார்த்து மாற்றங்களை எழுதுவோம். ஐன்ஸ்டீனிடம் கடிகாரமே பக்கத்தில் இருக்கும் நிறையைப் பொறுத்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் ஈர்ப்பு குறைவான உயரத்தில் இருப்பதால் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகிறது, வேகத்தால் 7 பிந்துகிறது, ஆக 38 முந்துகிறது. அதைத் திருத்தாமல் நம் போன் வழி காட்டாது. இப்போது ஒரு நிறை ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலும் இருக்கிற குவாண்டம் நிலையில் இருக்கிறது என்று வையுங்கள், அதன் பக்கத்தில் உள்ள கடிகாரம் எந்த வேகத்தில் ஓடும்? எந்த நேரத்தை வைத்துச் சமன்பாடு எழுதுவது?

இதை நேராக எதிர்கொள்கிற வழிதான் இயற்பியலாளர் அபய் அஷ்டேகர் 1986இல் கொடுத்த புது மாறிகளில் இருந்து வளர்ந்த லூப் ஈர்ப்பு, அதாவது தரையையே குவாண்டம் முறையில் எழுதப் பார்க்கும் கொள்கை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்து 2000இல் கௌல், மஜும்தார் இருவரும் அந்த வழியில் கருந்துளை என்ட்ரோபிக்கு (ஒழுங்கின்மையின் அளவு) ஒரு திருத்தம் கண்டார்கள். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள், பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்த வேலை.

சுரங்கவிளக்கு:

மிஸ், பையனின் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மூன்று விசைகள் இன்னும் ஒன்றாகவில்லை. மின்காந்தமும் மென்விசையும் மட்டும்தான் சேர்ந்திருக்கின்றன. அணுக்கருவைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் வன்விசையையும் சேர்க்க 1974இல் ஜார்ஜியும் கிளாஷோவும் ஒரு கொள்கை கொடுத்தார்கள். அது சரியென்றால் புரோட்டான் என்றாவது சிதைய வேண்டும். அதைப் பிடிக்கத்தான் 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். சிதைவு போலத் தெரிந்த சில தடங்கள் வந்தன, உறுதியாகவில்லை. ஜப்பானின் நிலத்தடி ஆய்வுக்கருவி சூப்பர் கமியோகாண்டே இன்றுவரை ஒன்றும் காணாமல், புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுக்கும் மேல் என்று தள்ளிவிட்டது.

அப்புறம், ஈர்ப்பை மற்றவற்றோடு சேர்ப்பது ஒரு வேலை, ஈர்ப்புக்குக் குவாண்டம் கொள்கை எழுதுவது வேறு வேலை. இழைக் கொள்கை இரண்டையும் செய்யப் பார்க்கிறது, லூப் ஈர்ப்பு இரண்டாவதை மட்டும்.

பலவீனம் முக்கியமாகிற இடம் பரிசோதனை. 2021இல் வியன்னாவில் 90 மில்லிகிராம் தங்கக் குண்டுகள் இரண்டுக்கு இடையே ஈர்ப்பை அளந்தார்கள், மிளகைவிடச் சிறிய குண்டுகள், ஆரமே 1 மில்லிமீட்டர்தான். 2017இல் வந்த யோசனைப்படி, இதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறிய இரண்டு நிறைகளைக் குவாண்டம் நிலையில் வைத்து, ஈர்ப்பால் மட்டுமே அவை பின்னிக்கொள்கின்றனவா, அதாவது ஒன்றின் நிலையை மற்றொன்றில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னிக்கொண்டால் ஈர்ப்பும் குவாண்டம் குணம் கொண்டது என்பதற்கு அது பெரிய சாட்சி. நான் இதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

மாலைவகுப்பு:

மூவருக்கும் நன்றி. இன்று வகுப்பின் முதல் பத்து நிமிடம் என் விடையைத் திருத்துவதற்கே போனது. கோலத் தரை பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. மூன்று விசையும் சேர்ந்துவிடவில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் பையன் நோட்டில் கணக்குப் போட்டு வந்திருந்தான். இரண்டு புரோட்டானுக்கு இடையே மின் விசை ஈர்ப்பைவிட 1.24 × 10³⁶ மடங்கு, இரண்டு எலக்ட்ரான் என்றால் 4.2 × 10⁴². "எதை எடுக்கறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி மாறுது, அப்போ ஈர்ப்பு இவ்ளோ பலவீனம்னு எப்படி மிஸ் சொல்றது?" என்கிறான்.

கரிக்கோல்:

கணக்கு இரண்டும் சரி, கேள்வி அதைவிட அருமை. அதே எலக்ட்ரான் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டு, நிறையை மட்டும் 21.76 மைக்ரோகிராம் என்று போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஈர்ப்பு 137 மடங்கு பெரியதாக வரும். ஏன் 137 என்று அவன் கேட்டால் நாளைக்கு இங்கே எழுதுங்கள், சொல்கிறேன்.