[கலைச்சொல்] ஏவிஎம், அனூரிசம், ரிஸ்க் ஃபேக்டர்: வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

மார்த்தாண்டத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். மூளை ஏவிஎம் (தமனியும் சிரையும் நேரா சேந்து சிக்காக் கெடக்க ரத்தக்குழாய்க் கோளாறு) உள்ளவங்க வீட்டாளுகளுக்கு ரெண்டு பக்கத் துண்டறிக்கை ஒண்ணு தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழம அச்சுக்குப் போணும். களியக்காவிளை, பளுகல் பக்கத்து ஆளுக நெறைய பேரு சிகிச்சைக்கு திருவனந்தபுரம்தான் போறாவ, அங்க பேப்பரெல்லாம் இங்கிலீஷும் மலையாளமும், கேட்டுப் புரிஞ்சாலும் மலையாளம் வாசிக்கத் தெரியாதவங்கதான் கூடுதல். இதுல 'ஏவிஎம்-ல உள்ள அனூரிசம் உடையுறதுக்கான ரிஸ்க் ஃபேக்டர்கள்'னு ஒரு தலைப்பு. அனூரிசம்னா ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகி பிதுங்கி நிக்கது. நான் போட்டது 'தமனி-சிரைக் குறைவடிவத்தில் குருதிநாள நெளிவு வெடிப்பின் இடர்க்காரணிகள்'. அம்மைட்ட வாசிச்சுக் காட்டினேன், 'யாருட்டீ வெடி வச்சது'ன்னு கேக்கா. காப்பாத்துங்க.

பாறசாலை வாத்தியார்:

நெளிவு கூடவே கூடாது. பாம்பு நெளியும், ஆறு நெளியும். குழாயோட சுவர் ஒரு பக்கமா பலவீனமாகி வெளிய பிதுங்குறது நெளிவா? புடைப்புன்னு போடுங்க. புடைன்னாலே பக்கம்னு பொருளுண்டு, புடைசூழ வந்தான்ங்கோம்லா, பக்கவாட்டுல பிதுங்குறதுக்கு இதவிடப் பொருத்தமான வேர் எங்க கெடைக்கும்? மொறத்துல புடைக்கிறதும் அரிசிய ஒரு பக்கமா ஒதுக்குறதுதானேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், தனி மடல்ல விரிவா எழுதுறேன். அப்புறம் தமனி, சிரை ரெண்டும் வடசொல். மாத்தணும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பாடப்புத்தகங்களில நாடி, நாளம் எண்டுதான் பாவிக்கிறம். சிரை எண்டு வகுப்பில சொன்னா பெடியள் சிரிப்பினம், 'ஆரைச் சிரைக்கிறது' எண்டு. மற்றது, வெடிப்பு வேண்டாம். எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லுக்கு குண்டு மட்டும்தான் ஞாபகம் வரும், நோயாளியின்ர கையில குடுக்கிற தாளில அதை எழுதாதேங்கோ.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணா, நாடின்னு போட்டா இங்க வைத்தியர் கையப் பிடிச்சுப் பாக்கறதுன்னு நெனைப்பாவ. வாத்தியாருக்கு: தமனியும் சிரையும் மலையாளத்துலயும் அப்படியேதான இருக்கு, டாக்டர் வாயில வருத சொல்லும் தாள்ல இருக்க சொல்லும் ஒண்ணா இருந்தா அது நல்லதுதான? உள்ளதச் சொன்னா எங்க ஊருல தமனி, சிரை, நெர்வு மூணுக்குமே நரம்புதான், 'நரம்பு ஊசி'ன்னு தான கேக்காவ.

நாகர்கோவில், ஸ்கேன் சென்டர்ல வேல பாத்தவன்:

மொதல்ல விசயத்தப் பாருங்க, சொல்லு பொறவு. தமனி ரத்தம் நுண்குழாய்கள்ல பிரிஞ்சு அழுத்தம் கொறஞ்சுதான் சிரைக்கு வரணும். ஏவிஎம்-ல அந்த நுண்குழாய் நடுவுல இல்ல, ஷட்டரே வைக்காம கோதையாத்துத் தண்ணிய வயலுக்குள்ள விட்ட மாதிரி முழு அழுத்தமும் சிரைல வந்து முட்டும். புடைப்பு ரத்தம் கொண்டுவார தமனிலயும் வரும், அந்தக் கொழாய்ச் சிக்குக்குள்ளயும் வரும், உள்ள இருக்கது கூடுதல் வில்லங்கம். ஆனா ரத்தம் வருதது எப்பவும் புடைப்புலேருந்துதான்னு இல்ல, சிக்கே உடையலாம், சிரையும் உடையலாம். அதனால 'புடைப்பு உடைப்பு'ன்னு மட்டும் தலைப்பு வச்சா பாதிதான் சொன்னதாகும்.

வாய்ப்பக் கூட்டுறதுன்னு பாத்தா, ஏற்கெனவே ஒரு தடவ ரத்தம் வந்திருக்கதுதான் பெருசு. பொறவு மூளைக்குள்ள ஆழத்துல இருக்கது, ஆழச் சிரை வழியா மட்டும் வடியது, வடியுத சிரை ஒடுங்கிக் கெடக்கது, கூட புடைப்பு இருக்கது. மொத்தமா வருசத்துக்கு 2-லேருந்து 4 சதவீதம்ங்காவ, ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். இன்னொண்ணு, நீங்க அனுப்புன வரைவுல 1986-ல வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் கிரேடையும் இதே பத்தியில சேத்திருக்கிய. அது ஆப்பரேஷன் எவ்வளவு சிக்கல்னு சொல்லுத கணக்கு, உடையுமா உடையாதான்னு சொல்லாது. பிரிச்சுப் போடுங்க, இல்லன்னா 'கிரேடு 1 தான, பயமில்ல'ன்னு வீட்டுக்குப் போயிருவாவ.

பாறசாலை வாத்தியார்:

உடைப்பு நல்ல சொல். குளம் உடைப்பெடுத்துதுன்னு சொன்னா இங்க சின்னப் பிள்ளைக்கும் வெளங்கும், திடீர்னு நடந்ததுங்கதும் அதுலயே இருக்கு, கசிவுல அது இல்ல. ஆனா இடர்க்காரணிய நான் ஒத்துக்கமாட்டேன். 'இடர் களையாய் நெடுங்களம் மேயவனே'ன்னு சம்பந்தர் பாடுனது வந்துசேர்ந்த துன்பத்த. ரிஸ்க் வரலாம், வராமலும் போவலாம். காரணி அதவிட மோசம், காரணம்னே படிப்பாவ. 'ஏது' பொருந்துமான்னு யோசிச்சா அதுவும் காரணத்துலதான் போய் நிக்குது. 'வாய்ப்புக்கூறு' எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து:

வாய்ப்புக்கூறுன்னா லாட்டரி மாதிரி இருக்கு வாத்தியாரே, எல்லைக்கு அந்தப் பக்கம் அத நெசமாவே விக்காவ. ஆனா காரணி பத்தி சொன்னது சரி. வரைவ வாசிச்ச ஒரு பொண்ணு 'அப்போ அப்பா பீடி குடிச்சதாலதான் ஏவிஎம் வந்துதா'ன்னு கேட்டா, தாள்ல அப்படி ஒரு வரியே இல்ல, காரணிங்க ஒரு சொல்லுல இருந்து அவளா எடுத்துக்கிட்டது. பெரும்பாலும் அது பொறவியிலேயே அமையுததுன்னுதான் கருதுதாவ. அதனால அந்த எடத்துல கலைச்சொல்லே போடல. 'எதெல்லாம் இருந்தா உடைப்பெடுக்கும் வாய்ப்பு கூடும்?'னு கேள்வியாவே வச்சுட்டேன். ஏவிஎம் அப்படியே ஏவிஎம், அனூரிசத்துக்கு தமனிப் புடைப்பு, அத்தன பேரும் சோர்ந்து போனதால ஏகமனதுன்னு எடுத்துக்கிடுதேன். கிரேடு பத்தி தனியா பிரிச்சாச்சு. நாளைக்குக் காலைல அச்சகத்துக்கு அனுப்புதேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாடிப் புடைப்பு. என்ர வாக்கு அதுக்குத்தான், எண்ணுறதெண்டா எண்ணுங்கோ.

பாறசாலை வாத்தியார்:

ஏகமனது இல்ல, தமனிக்கு என் எதிர்ப்பு அப்படியே நிக்குது. மொறத்தப் பத்தின மடல் கீழே, கொஞ்சம் நீளம்.