2 லட்சத்துக்குள் பழைய கார் வாங்கலாமா?

கேள்வி:
சென்னையில் 2012-ஆம் ஆண்டு பெட்ரோல் வேகன் ஆர் ஒன்று 1,90,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், எப்போதாவது ஊருக்குப் போய்வரவும்தான் எனக்குக் கார் தேவை. கடனில் புதிய கார் எடுப்பதைவிட இது லாபமா?

பதில் 1:
உங்கள் பயன்பாட்டுக்கு லாபம்தான். புதிய கார் முதல் சில ஆண்டுகளில் இழக்கும் மதிப்பை முந்தைய உரிமையாளரே சுமந்துவிட்டார். இந்த வேகன் ஆரின் கே10 எஞ்சினில் உள்பாகங்களை ஒத்திசைவாக இயக்குவது டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது.

பதில் 2:
விலையோடு கணக்கு முடிவதில்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், 2027-இல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நீங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பதில் 3:
சென்னை வண்டி என்றால், 2015 வெள்ளத்தில் மூழ்கியதா என்பதுதான் என் முதல் கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பாருங்கள்; டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் துரு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பாலிஷ் போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களையும் தொடுவதில்லை. எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்குடன் போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.