சேலம் நகராட்சித் தலைவர் பதவி ராஜாஜியின் அரசியலில் தடம் பதித்ததா?

கேள்வி – ஓசூர்வாசி:
ஓசூர் 2019இல் மாநகராட்சியானது முதல் எங்கள் ஊரில் மேயர் பதவியைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. உள்ளாட்சிப் பதவி என்பது சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் வரியோடு முடிந்துவிடுவது என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனால் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவே ஆனார். அந்த அனுபவத்துக்கும் பின்னாளைய உயர்வுக்கும் தொடர்பு உண்டா, அல்லது அது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரிதானா?

பதில் – தருமபுரி ஆசிரியர்:
தொடர்பு உண்டு, ஐயா. அக்காலத்தில் ஆட்சி நடத்திப் பழக இந்தியர்களுக்குத் திறந்திருந்த வாசல்கள் மிகக் குறைவு. நகராட்சி அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். சில ஆண்டுகள் கழித்துப் பட்டேல் அகமதாபாத்திலும் நேரு அலகாபாத்திலும் அதே பொறுப்பை ஏற்றார்கள். சேலம் நகராட்சியில் முதல் தலித் உறுப்பினர் தேர்வாகக் காரணமாக இருந்தவர் ராஜாஜி. 1939இல் அவரது அரசு கொண்டுவந்த ஆலயப் பிரவேசச் சட்டத்தை அதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

பதில் – கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:
ஆசிரியர் ஐயா சொல்வதை ஓரளவுக்கே ஏற்கிறேன். அவரை நாடறியச் செய்தவை 1919இல் காந்தியோடு ஏற்பட்ட நெருக்கமும், சிறைவாசமும், 1930இல் வேதாரண்யம் வரை நடத்திய உப்பு யாத்திரையுமே அன்றி, சேலத்தின் தண்ணீர்க் குழாய்கள் அல்ல. ஆனால் வரவுசெலவைப் பார்த்து ஆட்சி நடத்தும் பழக்கம் அங்கே வந்தது என்று கருத இடமுண்டு. 1937இல் சென்னை மாகாண ஆட்சியை ஏற்றதும் மதுவிலக்கை ஒரே நாளில் எங்கும் அறிவித்துவிடாமல், அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே சோதனைக் களமாக அமைந்தது நம் ஊர்களும்தான். கலால் வருவாய் குறையும் என்பதறிந்து, அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கடைக்காரர்களிடம் அது பெற்ற பெயர் வேறு கதை.

பதில் – பாலக்கோடு வாசகர்:
இருவரும் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். நகராட்சித் தலைவருக்கு வாய்க்க வேண்டிய முதல் குணம் தெருவில் இருப்பவர் சொல்வதைக் கேட்பது. 1952இல் அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தும் அவர் பிடிவாதமாக நின்றார்; 1954இல் பதவி விலகினார். சேலத்தில் கற்றது கணக்கு மட்டும்தானோ என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில் – ஓசூர்வாசி:
நன்றி. தேர்தலைப் பற்றிச் சொன்னதால் ஒரு தகவல்: 1952இலும் 1957இலும் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் ராஜாஜியின் மகன் சி. ஆர். நரசிம்மன். 1959இல் தந்தை காங்கிரசை எதிர்த்துச் சுதந்திரா கட்சியைத் தொடங்கியபோதும் மகன் காங்கிரஸ் உறுப்பினராகவே நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்.