பி.காம். இருக்கத் தத்துவம் எதற்கு? கிறிஸ்தவக் கல்லூரிப் பாடப்பிரிவுகள் பற்றி ஒரு வாக்குவாதம்

சேலையூர்ப் பெரியப்பா:
தம்பி மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். காமர்ஸ் குரூப். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் (எம்.சி.சி.) பி.ஏ. தத்துவம், எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு கல்லூரியில் செல்ஃப் ஃபைனான்ஸில் (சுயநிதி) பி.காம். அவளுக்குத் தத்துவம்தான் வேண்டுமாம். தம்பி யார் மேலோ உள்ள கோபத்தைச் சாம்பாரில் காட்டுகிறான். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

கல்லூரியின் துறைகளைப் பார்த்தேன். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், தத்துவம், கணிதம், புள்ளியியல், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வணிகவியல் என்று போகிறது. சுயநிதிப் பக்கம் கணினி, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), மைக்ரோபயாலஜி. "இதுதான் பெரியப்பா லிபரல் ஆர்ட்ஸ், பல துறையையும் தொட்டுப் படிக்கிற படிப்பு" என்கிறாள். இத்தனை துறை ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதால் தத்துவம் படிக்கிற பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெட்ஜர்:
ஒன்றும் கிடைக்காது சார். அமெரிக்கக் கல்லூரிகளில் பையன் முதலிரண்டு வருடம் நாலைந்து துறைகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிவு செய்வான். இங்கே விண்ணப்பத்திலேயே மேஜரை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தத்துவம் என்று சேர்ந்தால் ஆறு செமஸ்டரும் தத்துவம்தான். பக்கத்துக் கட்டடத்தில் புள்ளியியல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அங்கே போய் உட்கார முடியுமா?

இன்னொரு விஷயம், வெளிப்படையாகவே சொல்கிறேன். தத்துவம், வரலாறு மாதிரித் துறைகளில் பாதிப் பேர் பி.காம். கிடைக்காமல் வந்தவர்கள். கல்லூரிக்குத் துறையை மூட மனசு இல்லை, பையன்களுக்கு வேறு வழி இல்லை. இதற்கு லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைத்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

மாலை வகுப்பு:
தெற்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். லெட்ஜர் தம்பிக்கு ஒரு தகவல். "வேறு வழி இல்லாமல் தத்துவத்துக்கு வந்தவர்" என்றால் அந்தப் பட்டியலில் முதலில் வருபவர் ராதாகிருஷ்ணன். அவர் சேர்ந்த எம்.சி.சி.யிலேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று ராதாகிருஷ்ணனும் தத்துவத்தையே எடுத்துக்கொண்டார். 1908ல் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. அதைப் பாராட்டியவர் அங்கே தத்துவம் நடத்திய மிஷனரி ஏ.ஜி. ஹாக். இந்து சமயத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லிவந்ததற்கு, மிஷனரி கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு மாணவர் பதில் எழுதினார். அதை வாத்தியாரே மெச்சினார். இது பி.காம். வகுப்பில் நடக்காது.

அந்தக் கல்லூரியின் வேர் அமெரிக்காவில் இல்லை, ஸ்காட்லாந்தில். 1837ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி அது. கல்லூரியாக வளர்த்தவர் வில்லியம் மில்லர். கலைப் பட்டத்துக்குப் படிப்பவர் எல்லாரும் தர்க்கமும் அறநெறித் தத்துவமும் படித்தாக வேண்டும் என்பது அந்தக் கால ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். அதனால் தத்துவத் துறை அங்கே ஒட்டவைத்த துறை இல்லை.

லெட்ஜர்:
ராதாகிருஷ்ணனைக் கூப்பிடாமல் இந்தப் பேச்சை ஒருவரும் முடித்ததில்லை! ஐயா, அது 1908. அன்று பட்டம் வாங்கினாலே வேலை. இன்று பள்ளிக்கூடத்தில் தத்துவ வாத்தியார் என்று ஒரு போஸ்ட் இருக்கிறதா? தமிழ், கணக்கு, தாவரவியல் படித்தவனுக்காவது டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் செமஸ்டர்:
நான் இப்போது பி.காம். படிக்கிறேன். இதுவும் கிறிஸ்தவக் கல்லூரிதான், ஆனால் நீங்கள் பேசுகிற கல்லூரி இல்லை. பக்கத்துத் துறையில் உட்காரவே முடியாது என்று லெட்ஜர் அண்ணன் சொல்வது முழுக்கச் சரியில்லை. என்.எம்.இ. இருக்கிறது, நான்-மேஜர் எலெக்டிவ். பார்ட் 4ல் வரும், மொழிக்கும் மேஜருக்கும் வெளியே உள்ள சின்னப் பாடங்களின் பகுதி அது. சொந்தத் துறையில் எடுக்கக் கூடாது, வேறு துறைப் பாடம் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். (பத்தாவது, பிளஸ் டூவில் தமிழ் படிக்காமல் வந்தவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் போட்டுவிடுவார்கள்.)

ஆனால் அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு கூகுள் ஃபார்ம் திறக்கும். விஸ்காம் துறையின் போட்டோகிராபி கண்ணை மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். அடுத்தது கணினித் துறையின் எக்செல். நெட் சிக்னல் இல்லாத ஹாஸ்டல் பையன்களுக்கு மிச்சம் மீதி. எனக்குக் கிடைத்தது தாவரவியலின் காளான் வளர்ப்பு. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு மணி நேரம். முதல் நாள் நாற்பது பேர் இருந்தால் மூன்றாவது வாரம் பாதி.

அப்படியும் அதில்தான் ஒரு நல்ல வகுப்பு அமைந்தது. வைக்கோலை வேகவைத்து, ஈரம் வடித்து, பாலிதீன் பைக்குள் ஓர் அடுக்கு வைக்கோல், ஓரத்தில் சுற்றி விதை, மறுபடி வைக்கோல் என்று அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பைக்கு எவ்வளவு செலவாகும் என்று எங்கள் கிளாஸ் பெண் கேட்டாள். சார் ஒரு தொகை சொன்னார். அதில் உங்கள் சம்பளம், இந்த ரூம் வாடகை, கெட்டுப்போகும் பைகள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று நாங்கள் பிடித்துக்கொண்டோம். போர்டு முழுக்கக் கணக்கு. தாவரவியல் சாரும் எங்களோடு சேர்ந்து கூட்டிக் கழித்தார். காஸ்ட் அக்கவுண்டிங் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

லெட்ஜர்:
தம்பி, நீ என் பக்கம்தான் பேசுகிறாய். மூன்று வருடத்தில் 140 கிரெடிட். அதில் என்.எம்.இ.க்கு நாலு கிரெடிட் தேறுமா? வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை வைத்துக்கொண்டு லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர்ப் பலகை மாட்டலாமா?

மாலை வகுப்பு:
இந்த இடத்தில் லெட்ஜர் சொல்வது வலிக்கிற உண்மை. உள்ளே இருந்தவன் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

எய்டட் துறை உயிரோடு இருப்பது ஒர்க்லோடால். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்கு. மாணவர் குறைந்தால் மணி குறையும். மணி குறைந்தால், ஓய்வு பெறுகிறவர் இடத்தில் புது ஆள் போட அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. அதனால் ஒவ்வொரு துறையும் என்.எம்.இ.யை ஆள் சேர்க்கிற மாதிரி தயாரிக்கும். கடினமாக வைத்தால் யாரும் வர மாட்டார்கள். "தர்க்கவியல் அறிமுகம்" என்று வைத்தால் ஒன்பது பேர், "ஆளுமை வளர்ச்சி" என்று வைத்தால் அறுபது. நாங்களும் பெயரை மாற்றித்தான் வைத்தோம். உள்ளே தர்க்கவியல்தான் நடத்தினேன் என்பது வேறு கதை. பிறகு மேஜரே நின்றுபோய், மற்றத் துறைப் பிள்ளைகளுக்கு விழுமியக் கல்வி நடத்தும் துறையாக எங்கள் துறை சுருங்கியது.

இதைச் சரிசெய்யக் கல்லூரிக்குக் கை இருக்கிறது. எம்.சி.சி., லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் 1978லேயே தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் சொந்தக் கையில்; பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. நல்ல நேரத்தில் இரண்டு பீரியடை எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒதுக்கி, நல்ல வாத்தியாரை அங்கே அனுப்ப யாரும் தடை போடவில்லை. டைம்டேபிள் கமிட்டியில் அதற்காகச் சண்டை போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கிராஸ் மேஜர்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஈக்குவலன்ஸ்! தன்னாட்சி இருக்கிறது என்று கல்லூரிகள் புதுப்புதுப் பெயரில் கோர்ஸ் ஆரம்பிக்கின்றன. இரண்டு துறையைச் சேர்த்து, கேட்கவே அழகாக ஒரு பட்டம். படித்து முடித்து டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனால், "இது பி.எஸ்சி. தாவரவியலுக்கு இணை என்று ஜி.ஓ. எங்கே?" என்பார்கள். இணை என்று அரசாணை வரவில்லையென்றால் மதிப்பெண் இருந்தும் வெளியே. இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்றால் கிராஸ் மேஜர் என்று அதற்கு ஒரு தனித் தலைவலி. நான் பட்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பெயர்.

துறைகளைக் கலந்து படி என்று கல்லூரி சொல்கிறது. கலக்காதே என்று வேலை கொடுக்கிறவன் சொல்கிறான். பி.ஏ. தத்துவத்துக்கு ஒரு நல்ல விஷயம், பெயர் பழைய பெயர். ஏதாவது ஒரு டிகிரி போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பிரச்சினையே இல்லை.

பாளைக்காரன்:
கல்லூரிப் பெயரில் இருக்கிற 'கிறிஸ்தவ' என்கிற சொல்லை யாரும் தொடவில்லையே? நான் சபைக்காரன், கேட்கிறேன். வேத பாட வகுப்பு நடத்துவதாலோ சாப்பலில் ஜெபம் சொல்வதாலோ மட்டும் அது கிறிஸ்தவக் கல்லூரி ஆகிவிடாது. காலையில் எய்டட், குறைந்த கட்டணம். மதியம் அதே பெஞ்சில் சுயநிதி, பல மடங்கு கட்டணம். எந்தத் துறையில் காசு வருமோ அது மதிய ஷிப்டில் பெருகுகிறது. பனைத் தொழிலாளி மகனுக்குக் காலை ஷிப்டின் தத்துவமும் வரலாறும், வசதி உள்ளவனுக்கு மதியத்து பி.காம். இப்படிப் பிரித்துவைத்துவிட்டு என்ன ஊழியம்?

லெட்ஜர்:
அண்ணே, அந்த மதிய ஷிப்ட் காசில்தான் காலை ஷிப்டின் லேப் ஓடுகிறது, கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அரசு கொடுப்பது எய்டட் ஆசிரியர் சம்பளம். மற்றதெல்லாம் யார் தலையில்? வணிகவியல் படிக்கிறவனை ஏதோ பாவி மாதிரி பேசாதீர்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். பி.காம்.காரனுக்குத் தேவையில்லாததைக் குறையுங்கள். பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, 2022லிருந்து அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வேறு. மேஜருக்கு மூச்சு விட இடமில்லை.

பாளைக்காரன்:
பார்ட் 1ல் கை வைக்கும் முன் ஒரு நிமிடம். 1902ல் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழை எடுத்துவிடப் பார்த்தபோது எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் பரிதிமாற்கலைஞர், இதே எம்.சி.சி.யின் தமிழாசிரியர். அவரும் அங்கே தத்துவம் படித்தவர்தான். பல துறைகள் ஒரே கூரையில் இருப்பதன் பலன் இப்படி ஆட்களாகத்தான் வெளியே வரும். கிரெடிட் கணக்கில் வராது.

மாலை வகுப்பு:
நானும் ஒரு பெயரைச் சேர்க்கிறேன், இது ராதாகிருஷ்ணன் இல்லை, பயப்படாதீர்கள். கல்லூரி 1937ல் தாம்பரத்துக்கு வந்தது, முட்புதர்க் காட்டுக்கு. அந்த வளாகத்து மரங்களைப் பற்றிப் பேசினால் எட்வர்ட் பார்ன்ஸ் பெயர் வரும். அவர் வேதியியல் பேராசிரியர். தென்னிந்திய மலைகளின் காசித்தும்பை வகைகளைப் பற்றித் தாவரவியல் கட்டுரைகள் எழுதினார். இன்று அவரைப் போய் "தாவரவியலில் உங்களுக்கு ஒர்க்லோடு இல்லை" என்று சொல்லி உட்காரவைத்துவிடுவோம்.

பெரியப்பா சாருக்கு என் பதில்: சேருங்கள். ஆனால் துறைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். அல்லைடு (துணைப்) பாடம் எந்தத் துறையிலிருந்து, அதை அந்தத் துறை ஆள் வந்து நடத்துகிறாரா, என்.எம்.இ. எந்த நாள் எந்த மணி, போன வருடம் தத்துவப் பிள்ளைகள் எதை எடுத்தார்கள்... இந்த நாலைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். பட்டென்று பதில் வந்தால் அது நடக்கிற துறை.

லெட்ஜர்:
நான் இன்னும் பி.காம். என்றுதான் சொல்வேன். ஆனால் தம்பிக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள், தொழில் தர்மம். பெண் காமர்ஸ் குரூப் என்கிறீர்கள். சி.ஏ. எழுத பி.காம். கட்டாயம் இல்லை. பிளஸ் டூ முடித்ததால் அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதிக்கொண்டே எந்த டிகிரியும் படிக்கலாம். டிகிரி முடித்துவிட்டு நேரே அடுத்த கட்டமான இன்டர் போவதென்றால் வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 60.

மூன்றாம் செமஸ்டர்:
அண்ணே, அப்படியென்றால் உங்கள் வாதம் முழுக்க அந்த ஐந்து சதவீதம்தானா?

லெட்ஜர்:
ஐந்து சதவீதமும், மூன்று வருடம் அக்கவுண்ட்ஸை மறந்துபோவதும். டெபிட், கிரெடிட் கை விட்டால் திரும்ப வராது தம்பி.

சேலையூர்ப் பெரியப்பா:
தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ராதாகிருஷ்ணனுக்கு அசையவில்லை, அறுபது சதவீதத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தான். "தத்துவத்தில் அறுபது போடுவார்களா?" என்கிறான். மாலை வகுப்பு ஐயா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த நாலு கேள்வியைக் கேட்க எந்த நேரத்துக்குப் போனால் துறைத் தலைவரைப் பிடிக்கலாம்?

மாலை வகுப்பு:
எழுதினால் போடுவார்கள். சேர்க்கை நாட்களில் காலை பத்துக்கு முன் போய்விடுங்கள், அப்புறம் அட்மிஷன் கமிட்டியில் உட்காரவைத்துவிடுவார்கள். அவளையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள்.